மறுமொழி: ‘டெல்-டேல்’ – ‘எச்சரிக்கை விளக்கு’ போதுமா?

குழுவினர்க்கு வணக்கம்.

1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் சி-10 டிரக்கின் டேஷ்போர்டுக்கு விளக்குகளை நாமே செய்துகொள்வது பற்றிய கையேட்டில், ‘டெல்-டேல்’ (tell-tale; வண்டியின் ஒரு நிலையை ஓட்டுநருக்கு ஒளியால் தெரிவிக்கும் சிறு விளக்கு) என்பதை ‘எச்சரிக்கை விளக்கு’ என்றே எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்குக்கு அப்பெயர் பொருந்தும். ஆனால் திரும்பும்போது மினுக்கும் பச்சையும், ஹை பீம் போட்டிருப்பதைச் சொல்லும் நீலமும் யாரையும் எதைப் பற்றியும் எச்சரிப்பதில்லை.

‘காட்டி விளக்கு’ என்பதிலும் இடறல் உண்டு. முள் வைத்த அளவிகளை நாம் ஏற்கெனவே ‘காட்டி’ என்கிறோம். இண்டிகேட்டர் என்றாலோ மெக்கானிக்கிற்கு வண்டியின் வெளியே உள்ள திருப்ப விளக்குதான் நினைவுக்கு வரும். வாகனக் குறியீடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2575 தரமும் காட்டியையும் டெல்-டேலையும் தனித்தனியாகவே சொல்கிறது. அந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் உள்ளதன்று: அழுத்தம் மெல்ல இறங்குவதை முள் முன்கூட்டியே காட்டும்; விளக்கோ காரியம் கெட்ட பிறகுதான் எரியும். அமெரிக்க ஓட்டுநர்கள் அதற்கு ‘முட்டாள் விளக்கு’ என்று பெயர் வைத்தது அதனால்தான். (அதைக் கலைச்சொல்லாக்க யாரும் முன்மொழிய மாட்டீர்கள் என நம்புகிறேன்.)

எனவே ‘உணர்த்துவிளக்கு’ என்பதை முன்வைக்கிறேன். ஒரு கருவி இயங்குகிறது, பழுதாகியிருக்கிறது, கவனம் தேவை என எந்த நிலையானாலும் அதை ஒளியால் உணர்த்துவது என்ற பொருள் இதில் அடங்கும். ‘அறிவிளக்கு’ சுருக்கமானதுதான், ஆனால் படிப்பவர் அதை ஞானதீபமாக எடுத்துக்கொள்வார்.

கையேட்டின் கடினமான பகுதியில் இச்சொல்லைப் பொருத்திப் பார்த்தேன்: “எண்ணெய் உணர்த்துவிளக்கின் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருப்பதால், எல்.இ.டி.யின் நேர்முனைக்கு இக்னிஷன் வழியே மின்சாரம் வர வேண்டும். எதிர்முனை கம்பியை ஹோல்டரின் உலோக உடலில் தொடவிடாமல் சுவிட்சுக்குக் கொண்டு செல்ல வேண்டும். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் அளவுக்கு உயர்வதால், 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும் சிவப்பு எல்.இ.டி.க்கு 680 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் 18 மில்லி ஆம்பியருக்குள் நிற்கும்.” வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.

பேட்டரிக்கு சார்ஜ் ஏறாதபோது எரியும் சார்ஜ் விளக்குக்கும் இப்பெயர் பொருந்துமா என்று கேட்கப்பட்டது. பல வண்டிகளில், என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மின்னாக்கத் தொடங்குவதற்கான சிறு மின்னோட்டம் அந்த பல்பின் வழியேதான் செல்கிறது. பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி.யை மட்டும் வைத்தால் சார்ஜ் ஏறாமல் போகலாம் என்பதால், பக்க இணைப்பாக ஒரு மின்தடையும் தேவைப்படும். ஆயினும் ஓட்டுநரின் கண்ணுக்கு அதுவும் உணர்த்துவிளக்கே. கூடுதல் வேலையை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

அக்ரிலிக் தகட்டில் கறுப்புப் படலம் ஒட்டி, எண்ணெய்க் குப்பி, பேட்டரி போன்ற வடிவங்களை வெட்டியெடுக்கும் பகுதியில் அவ்வடிவங்களுக்கு ‘உணர்த்துகுறி’ என்று எழுதலாம். வினைத்தொகையாதலால் ஊறுகாய், சுடுகாடு போல இங்கும் வல்லினம் மிகாது. வரைவில் ‘உணர்த்துக்குறி’ என்று இருப்பதைத் திருத்திவிட வேண்டுகிறேன்.