மூணுதான் அடிக்கடி விழும்

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நிகழ்தகவு என்றால் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு. 52 சீட்டு எப்படி இருக்கும் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. சரி என்று அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துவந்தேன்.

ஒரு கட்டைக்கு நாலு முகம்: 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டிக் கூட்டினால் 1 முதல் 6 வரை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் மட்டும் 12. தாயம், அதாவது 1 விழ நிகழ்தகவு என்ன என்றேன். ஒரு பையன் யோசிக்கவே இல்லை. "ஏழு எண் இருக்கு, அப்போ 1/7 அக்கா."

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா விடவில்லை. "ஏத்தா, எல்லாம் ஒண்ணுபோலவா விழும்? மூணு விழுந்துக்கிட்டே இருக்கும், பன்னெண்டுக்குத் தவங்கிடக்கணும்."

எழுதிப் பார்த்தோம். அவன் (0,1), (1,0) இரண்டையும் ஒன்றாகவே எண்ணினான். வாயால் சொன்னால் ஏறவில்லை. ஒரு கட்டையில் குங்குமம் தடவினேன் (வாங்கிய திட்டு தனிக்கதை). சிவப்பில் 1, மற்றதில் 0 விழுவது ஒன்று. சிவப்பில் 0, மற்றதில் 1 விழுவது வேறு. அப்புறம்தான் புரிந்தது. மொத்தம் 16. தாயத்துக்கு 2, அதாவது 1/8. மூன்றுக்கு 4. பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. 80 தடவை உருட்டினோம்: மூன்று 22 முறை, பன்னிரண்டு 4 முறை. கணக்குப்படி 20, 5.

"அப்போ எட்டு தடவை உருட்டினா ஒரு தாயம் கட்டாயம்தானே?" இல்லை. 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.34, மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வெறுங்கையாகப் போகும். காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த வயிற்றெரிச்சல் எல்லோருக்கும் உண்டு, அதனால் இதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

*

இனி வேறொருவர் சொல்வது: செல்லூரில் எங்கள் வீட்டிலும் தாயம்தான். நாலு பேர், இரண்டிரண்டு பேராக ஜோடி. எத்தனை விதமாகப் பிரியலாம் என்று பிளஸ் ஒன் படிக்கும் தம்பி மகள் கேட்டாள். நாலில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 என்று சூத்திரத்தைப் போட்டேன். "பெரியப்பா, நான் யாரோட சேருவேன்னு மட்டும் பாருங்க. மூணு பேர்தானே இருக்கீங்க?" ஒரு ஜோடி அமைந்தால் மற்றது தானாக அமைந்துவிடுகிறது, ஒவ்வொரு பிரிவையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். 3தான் சரி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய கதையை அதற்குச் சற்று முன்புதான் சொல்லி முடித்திருந்தேன்.