பக்ராத் அரசனுக்கு எதிராக லிபாரித் பாக்வாஷி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது எப்படி?

கேள்வி

11ஆம் நூற்றாண்டு ஜார்ஜியாவில் கில்தெகாரிப் பகுதியை ஆண்ட பாக்வாஷி குடும்பத்து நான்காம் லிபாரித் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசன் நான்காம் பக்ராத்தை ஏறக்குறைய இருபது வருடம் ஆட்டிப்படைத்த ஒரு சிற்றரசன், கடைசியில் போரே இல்லாமல் பிடிபட்டிருக்கிறான். அவன் பலம் எதில் இருந்தது? பகை எங்கே தொடங்கியது? இருவரும் மோதிய சசிரெத்திப் போருக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ஆண்டு போட்டிருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1

முதலில் பதவியைப் பாருங்கள். அவன் ஒரு எரிஸ்தவி, அதாவது ஒரு பகுதியின் ஆளுநர். ‘எரி’ என்றால் மக்கள், படை. ‘தவி’ என்றால் தலை. அரசன் நியமிக்கும் பதவிதான், ஆனால் நடைமுறையில் அப்பனுக்குப் பின் மகன் என்று ஆகிவிட்டது. வரி வசூல், படை திரட்டல், வழக்குத் தீர்ப்பு மூன்றும் ஒரே கையில். அவனுக்குக் கீழே அஸ்னௌரி என்ற பிரபுக்கள். போருக்கு ஆள் கொண்டுவருவது அவர்கள்தான். இதை மறக்காதீர்கள், அவன் வீழ்ச்சியும் இங்கிருந்துதான் வருகிறது.

அடுத்தது இடம். கில்தெகாரி என்ற பெயருக்கே ‘பாறை வாசல்’ என்று பொருள். திரியாலெத்தி மலைத்தொடரின் கணவாயில் 9ஆம் நூற்றாண்டில் இவன் முன்னோன் முதலாம் லிபாரித் கட்டிய கோட்டை. மத்திய ஜார்ஜியாவின் கார்த்லியிலிருந்து தெற்கே ஜவாகெத்திப் பகுதிக்குப் போகும் வழி இதன் பிடியில். வாசலை அடைத்துவிட்டால் அரசனின் படை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். 989இல் முந்தைய அரசன் மூன்றாம் பக்ராத் இதே குடும்பத்து ரத்தியிடமிருந்து கோட்டையைப் பறித்து அவனை மேற்கே அர்குவெத்திக்கு அனுப்பியதும் இதனால்தான். பின்னால் கோட்டை மறுபடி குடும்பத்தின் கைக்கு வந்தது.

பதில் 2

பகையின் தொடக்கம் திபிலீசி முற்றுகை. நான்காம் பக்ராத் 1027இல் சிறுவனாக அரியணை ஏறினான். அப்போது அவனைக் காத்து நின்றவர்களில் முதன்மையானவன் லிபாரித். 1030களின் இறுதியில் திபிலீசி நகரத்தின் முஸ்லிம் அமீர் மீது முற்றுகை, இரண்டு வருடம் நீடித்து நகரம் பட்டினியில் விழும் நிலை. அந்த நேரம் பார்த்து அரசன் லிபாரித்திடம் சொல்லாமலே அமீரோடு சமாதானம் செய்துகொண்டான். ஜார்ஜிய வரலாற்றேடு சொல்லும் காரணம் இது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சஸ், அரசன் லிபாரித்தின் மனைவியிடம் தவறாக நடந்தான் என்கிறார். எனக்கு முதல் காரணமே வலுவாகப் படுகிறது. திபிலீசி விழுந்திருந்தால் அதிக லாபம் அடைந்திருப்பவன் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்த லிபாரித்.

அவன் தானே அரசனாக முயலவில்லை என்பதையும் பாருங்கள். பக்ராத் வம்சத்தில் பிறக்காதவனை மற்றப் பிரபுக்கள் ஏற்கமாட்டார்கள். அதனால் பக்ராத்தின் மாற்றாந்தாய் மகன் தெமெத்ரேயை பைசாந்தியத்திலிருந்து (கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு) அழைத்துவந்து முன்னிறுத்தினான். உரிமை கோர ஓர் இளவரசன், பின்னால் ஒரு பேரரசு, நடுவே தன் கோட்டை. தெமெத்ரே இறந்த பிறகும் இந்த உத்தி நீடித்தது.

சசிரெத்தி ஆண்டு: சிலர் 1042 என்பார்கள், சிலர் 1046 அல்லது 1047. பக்ராத்துக்காகப் போரிட்ட வரங்கியர்கள் என்ற வடநாட்டுப் போர்வீரர்களை (வந்தவர்கள் 3000, களத்துக்குப் போனவர்கள் 700) ஸ்வீடனின் வைக்கிங் தலைவன் இங்வார் கிழக்கே வந்த பயணத்தோடு இணைப்பவர்கள் முந்தைய ஆண்டைத் தேர்வார்கள். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். போரில் பக்ராத் தோற்று மேற்கே ஒதுங்கினான்.

பதில் 3

1048 கபெத்ரோன் போரை விட்டுவிடாதீர்கள். செல்ஜூக் துருக்கியரின் தளபதி இப்ராகிம் இனாலை எதிர்த்த பைசாந்தியப் படையில் நடுப்பகுதி லிபாரித்துடையது. சனிக்கிழமை தனக்கு ஆகாத நாள் என்று அவன் தாமதித்ததாக ஸ்கைலிட்சஸ் எழுதுகிறார். இரவுப் போரில் இரண்டு பக்கவாட்டுப் படைகளும் வென்று எதிரியை விரட்டிக்கொண்டு போக, நடுவே லிபாரித் பிடிபட்டது விடியும் வரை அவர்களுக்குத் தெரியவில்லை. செல்ஜூக் சுல்தான் துக்ரில் பேக் அவனை மீட்புப் பணம் வாங்காமலே விடுவித்தார். பைசாந்தியப் பேரரசர் பதிலுக்குக் கான்ஸ்டாண்டிநோபிள் மசூதியைப் புதுப்பித்தார், அங்கே தொழுகை உரையில் துக்ரில் பெயர் ஓதப்பட்டது. ஒரு மலைநாட்டுச் சிற்றரசனின் விடுதலை இரண்டு வல்லரசுகளின் பேச்சுவார்த்தையில் இடம்பெற்றது என்றால் அவன் மதிப்பு புரியும்.

திரும்பி வந்தவுடன் அவன் கை இன்னும் ஓங்கியது. பக்ராத் கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போய் மூன்று வருடம் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டபோது, பக்ராத்தின் மகனான சிறுவன் ஜியோர்கியை ருயிசி பேராலயத்தில் முடிசூட்டி ஆட்சியைத் தானே நடத்தினான்.

பதில் 4

வீழ்ச்சி பற்றி: முதல் பதிலில் சொன்ன அஸ்னௌரிகள். 1060 வாக்கில் சூலா கல்மாகெலி தலைமையில் அவனுடைய சொந்த ஆட்களே அவனையும் மகன் இவானேயையும் பிடித்து அரசனிடம் ஒப்படைத்தார்கள். கோட்டை வாசல் வெளியிலிருந்து வருபவனைத்தானே தடுக்கும். அவனைத் துறவியாக்கி அந்தோன் என்று பெயரிட்டார்கள். இறந்தது கான்ஸ்டாண்டிநோபிளில், அடக்கம் செய்தது குடும்பத் தேவாலயமான காத்ஸ்கியில்.

வம்ச வரைபடம் போட்டால் ஒரு எச்சரிக்கை. 1090களில் ஜார்ஜிய மன்னன் நான்காம் தாவீது பிடித்து நாடுகடத்திய லிபாரித் இவனுடைய பேரன். அவனுக்குப் பின் வந்த இன்னொரு ரத்தி இறந்ததும் கில்தெகாரி எரிஸ்தவிப் பதவியையே தாவீது ஒழித்துவிட்டான்.