அறை வாடகையைக் காட்டி மொத்த பில்லையும் வெட்டலாமா?

வணக்கம். அப்பா பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் ஆச்சு. மருத்துவக் காப்பீட்டு பாலிசி 5 லட்சம். அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு ரூ.5,000. அந்த அவசரத்தில் கிடைத்தது ரூ.8,000 அறைதான். இப்போது வாடகை வித்தியாசத்தோடு விடாமல், அதே விகிதத்தில் மொத்த பில்லிலும் 62.5 சதவீதம்தான் தருவார்களாம். மருந்து, ஸ்கேன், பிளேட் எதையும் விடவில்லை. 2020ல் காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ வெளியிட்ட விதிமுறையில் மருந்து, இம்ப்ளான்ட் (பிளேட் போல உடலுக்குள் வைப்பவை), பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது என்று இருக்கிறதே!

வண்டி பாலிசியின் 15 லட்சம் விபத்துக் காப்பும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், முறிவுக்கு இல்லை.

கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டேன். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம் என்றிருக்கிறேன். இதே வெட்டுக்காக அங்கே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மருத்துவமனையிடம் என்னென்ன எழுதி வாங்கினீர்கள்?