புதுப்பிப்பு: ஹைலக்ஸுக்குப் பவர் ஸ்டியரிங் பூட்டியாயிற்று

என் பழைய ஃபோர் வீல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பவர் ஸ்டியரிங் மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மாற்றியாயிற்று. ஸ்டியரிங் பெட்டி, அதற்கு ஒயிலை அழுத்தி அனுப்பும் பம்ப், ஹோஸ் எல்லாம் வவுனியாவில் ஒரே வாகனத்திலிருந்து கழற்றியவை. பெட்டி பூட்டும் இடத்தில் சேசிஸுக்கு (வாகனத்தின் அடிச்சட்டத்துக்கு) தகடு வைத்து வெல்டிங் பிடித்ததுதான் பெரிய வேலை. அதைச் செய்யாமல் விட்டால் பிறகு அந்த இடம்தான் வெடித்துப் பிளக்கும்.

முதல் நாள் எருமை கத்துவதுபோல ஒரு சத்தம். வேறொன்றுமில்லை, ஸ்டியரிங் ஒயிலில் காற்று. முன் சில்லுகளைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கரைக்கும் முழுதாகத் திருப்பித் திருப்பி, குறையக் குறைய ஒயில் விட்டோம். நுரை அடங்கியதும் சத்தமும் போனது.

ஒட்டுசுட்டான் பக்கம் நெல் மூட்டைகளோடு வயலோரம் திருப்பிப் பார்த்தேன், தோள் நோகவில்லை. ஏ9 வீதியில் வேகமாகப் போகும்போதுதான் ஸ்டியரிங் கொஞ்சம் லேசாக இருக்கிறது, கை பழக வேண்டும். முழுதாக வளைத்தால் பம்பைச் சுற்றும் பெல்ட் கிறீச்சிடுகிறது. சரி, அதை நாளைக்கு இறுக்குவேன்.