பம்பாய் சாண்ட்விச்சுக்கு ஏத்த பிரெட் வேலூர்ல எங்க கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. மும்பை தெருக்கடை வெஜ் சாண்ட்விச்சை அதே ருசியில வீட்டுல செய்யணும். ரெண்டு பொருளுக்கு வழி சொல்லுங்க.

முதல்ல பிரெட். இனிப்பு பால் பிரெட் இதுக்கு ஆகாது. சர்க்கரை இருக்கிறதால உள்ளே சூடேறும் முன்னாடியே வெளிப்பக்கம் கருகிடும், காரச் சட்னியோடவும் சேராது. இனிப்பில்லாத பெரிய சதுர பிரெட் சத்துவாச்சாரி, காட்பாடி, தோட்டப்பாளையம் பக்கம் எந்த பேக்கரியில போடுறாங்க? முந்தின நாள் பிரெட்டா இருந்தா இன்னும் நல்லது, வெண்ணெய் தடவும்போது பிய்யாது.

அடுத்தது, கேஸ் அடுப்பு மேல நேரா வைக்கிற நீளக் கைப்பிடி அலுமினிய டோஸ்டர். ஓரத்தை அழுத்தி மூடுறதால காய் வெளியே வராது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கக் கடைகள்ல கிடைக்குமா?

செய்து பார்க்கிறவங்களுக்கு: பிரெட் நமுத்துப்போகக் காரணம் பெரும்பாலும் சட்னித் தண்ணிதான். சட்னிக்கு: ஒரு கட்டு மல்லி, கைப்பிடி புதினா, 3 பச்சை மிளகாய், துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை, அரை மூடி எலுமிச்சை, உப்பு. தண்ணிக்குப் பதில் 2 ஐஸ் கட்டி போட்டு அரைச்சா கெட்டியா, பச்சை மாறாம இருக்கும். பிரெட்ல முதல்ல வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவுங்க, ஈரம் இறங்காது; அதுக்கு மேல சட்னி. வேகவைத்த உருளை, பீட்ரூட், வெள்ளரி, வெங்காயம் அடுக்கி, தக்காளியை நடுவுல வைங்க. காய்ல உப்பு போட்டா தண்ணி விடும். மூடுறதுக்கு முன்னாடி சாட் மசாலா மட்டும் தூவினா போதும். சின்னத் தீயில பக்கத்துக்கு 2, 3 நிமிஷம்.

கடை பேரும் தெருவும் கமெண்ட்ல போடுங்க.