மறு: காத்திருக்கும் அறைக்குப் ‘பொதியில்’ சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம். ‘வெயிட்டிங் ரூம்’, ‘வெயிட்டிங் ஹால்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> பட்டினப்பாலையில் ‘வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்’ என்று வருகிறது. கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களில் முன்பு வெளியூர்க்காரர்கள் தங்கிய பொது இடம். நம் மண்ணின் சொல்லையே மீட்டுவிடலாமே?

அழகான சொல்தான் ஐயா. ஆனால் அது கந்தில், அதாவது தூணில், தெய்வம் உறைந்த இடம். மெழுகிப் பூவிட்டு, அந்தி விளக்கேற்றி, பலரும் தொழுத இடம். வண்டி வரும்வரை உட்காரும் இடத்துக்கு அவ்வளவு பாரம் தாங்காது. அப்புறம், மயிலாடுதுறை சந்திப்பில் இதை எழுதி மாட்டினால், பார்சல் மூட்டைகளுக்கு நடுவே நிற்பவர் ‘பொதிக்குள்ளே’ என்றுதான் படிப்பார். ‘இல்’ இன்று வீடு இல்லை, வேற்றுமை உருபு.

> ‘ஓய்வறை’?

வேண்டவே வேண்டாம். ரயில் நிலையத்தில் அது வாடகை கொடுத்துப் படுக்கும் அறை. மற்ற இடங்களில் கழிப்பறைக்கு நாகரிகப் பெயர். எங்கள் அத்தை ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார இடம் தேடி “ஓய்வறை எங்கேப்பா?” என்று கேட்க, “சில்லறை வச்சிருக்கீங்களாம்மா?” என்றார்களாம்.

> ‘காத்திருப்போர் அறை’ ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. ‘காத்திருப்போர் பட்டியல்’ போல அரசுப் பலகையில் நிற்கும், வாயில் வராது. டெல்டாவில் இதற்குப் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்: திண்ணை, சத்திரம், சுமைதாங்கி, நிழற்குடை. ஒன்றிலாவது ‘காத்திரு’ உண்டா? அங்கே என்ன கிடைக்கும் என்பதுதான் பெயர். நான்கு தூணும் கூரையும் சேர்ந்து ‘நிழற்குடை’ ஆனதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை, தொகுதி நிதியில் கட்டிப் பெயர் எழுதினார்கள், ஊர் எடுத்துக்கொண்டது. (சத்திரத்தை மீட்கலாம் என்பவர்களுக்கு: ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் சோறு போட்டுத் தங்கவைத்த இடம். இன்று சத்திரம் என்றால் கல்யாணம்தான் நினைவுக்கு வரும்.)

என் பரிந்துரை: அமர்கூடம். வினைத்தொகை. அமர்தல் என்றால் உட்காருவதும் உண்டு, தங்குவதும் உண்டு. ‘அறை’யை வேண்டுமென்றே விட்டேன். அறைக்குக் கதவு உண்டு. வாசலை ஒட்டிய ரேழி (நடை) தாண்டினால் வருகிற கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து போகலாம். பெண்கள் அமர்கூடம், குளிர்சாதன அமர்கூடம், நோயாளிகள் அமர்கூடம் என்று எதோடும் ஒட்டுகிறது. போனில் “வெயிட்டிங் ஹால்ல இருக்கேன்” என்பதற்கு “அமர்கூடத்துல இருக்கேன்” என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு இடறவில்லை.

நீதிமன்ற ‘அமர்வு’ குழப்பாதா என்றால், ‘அமர்வுக்கூடம்’ என்று எழுதினால் குழப்பும். அந்த ‘வு’வைச் சேர்க்காதீர்கள். உட்கார நாற்காலியே கிடைக்காமல் நிற்பவருக்குக் கிண்டலாகப் படாதா என்று வீட்டில் கேட்டார்கள். படும்தான்.

ஒன்று மட்டும் எனக்கே ஒப்பவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே, நடைவழியில் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலி வரிசை கூடமாகுமா? நான் சேர்க்க மாட்டேன். அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.