புதுப்பிப்பு: பிரேக் கேலிப்பரில் பெயின்ட் உரிவது நின்றது

கேலிப்பரில் (பிரேக் பேட்களை டிஸ்க்கோடு அழுத்தி வண்டியை நிறுத்தும் பாகம்) ஸ்ப்ரே அடித்த சிவப்புப் பெயின்ட் ஏன் உரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஹார்டனர் (பெயின்டை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் எப்பாக்ஸி பெயின்டை பிரஷ்ஷால் பூசச் சொன்ன யோசனைதான்.

கம்பி பிரஷ்ஷால் துருவையும் பழைய பெயின்டையும் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாமல் வரும்வரை துடைத்தேன். பிஸ்டன் ரப்பர், பிளீடர் நிப்பிள் (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு), பேட் நகரும் இடம் மூன்றையும் டேப்பால் மறைக்கணும். கடைசியது ரொம்ப முக்கியம்: அங்கே பெயின்ட் ஏறினால் பேட் சிக்கிக்கொண்டு டிஸ்க்கை உரசிச் சூடேறும். மெல்லிய கோட் இரண்டு போதும்.

எதிர்பாராதது: சிங்கப்பூர் வெக்கையில் கலவை டப்பாவிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடுகிறது. மொத்தமாகக் கலக்காமல், பூசப் பூசக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். மழை ஈரத்தில் பூசினால் பளபளப்பும் மங்கலாம்.